முன் சக்கரத்துச் சத்தம்

ஜூன் 11, செவ்வாய்
தண்ணீர்: மூன்று டம்ளர்.

இந்த டைரி உரக்கடைக்காரன் கொடுத்தது. என் பெண்டாட்டி சிவனம்மாள் தினமும் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாள் என்று இதில் எழுத வேண்டும். அது நர்ஸ் ரோஸ்லினின் உத்தரவு. இவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்திவிட்டன, குடிக்கிற தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடும். செவ்வாயும் வெள்ளியும் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்து கூட்டிவருகிறேன்.

தண்ணீர்க் கணக்குக்கு ஒரு வரி போதும். மிச்சப் பக்கம் சும்மாதான் கிடக்கிறது. எனக்கோ வயிறு எரிகிறது. எழுதப் படிக்கத் தெரியாது, இவள் ஏழாவது வரை படித்தவள். அதனால் வாய் என்னுடையது, கை இவளுடையது. நான் பேசுகிறபடி எழுதச் சொன்னால் புத்தகத்தில் வருகிற மாதிரி திருத்திக்கொள்கிறாள். கெட்ட வார்த்தைகளையும் முழுங்கிவிடுகிறாள் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் இவ்வளவு சீக்கிரம் எழுதி முடிக்க மாட்டாள்.

இன்றைக்கு மிஷினில் படுத்துக்கொண்டு, நான் கதவுக்குப் பின்னால் நிற்பது தெரியாமல், ரோஸ்லினிடம் சொல்கிறாள்: "இந்த மாசத்தோட போதும் சிஸ்டர். நான் இனிமே வரல."

உள்ளே போய்க் கேட்டேன். "என்னடி சொன்ன?"

"காரு ஆட்டுதுன்னு சொன்னேன்."

"ஆட்டுனா?"

"ஆட்டுனா வர முடியாதுல்ல? டங்கு டங்குன்னு அடிக்குதே, உங்க காதுல விழுகலையா? வந்து போறதுக்குள்ள எலும்பெல்லாம் கழண்டுருது."

அடிக்கத்தான் செய்கிறது எங்கள் பழைய கார். இடது முன் சக்கரம். எங்கள் ஊர் கடமலைக்குண்டிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் எந்தக் குழி எந்த மழையில் விழுந்தது, அப்போது ரோடு போட்டவன் யார், அவன் என்ன நிறச் செருப்புப் போட்டுக்கொண்டு வந்து பூஜை போட்டான் என்பது வரைக்கும் என்னால் சொல்ல முடியும். எழுதி வைக்கிறவனுக்கு மறந்துவிடுகிற வசதி உண்டு. எனக்கு அது கிடையாது. ஒவ்வொரு குழிக்கும் ஒருத்தனைத் திட்டிக்கொண்டேதான் ஓட்டுகிறேன். அப்படியும் வண்டி அடிக்கிறது. அடிக்கும்போதெல்லாம் இவள் மிஷினுக்கு ஊசி போடுகிற இடது கையை வலது கையால் பிடித்துக்கொள்கிறாள்.

முன்பெல்லாம் மிஷினில் இருந்து இறங்கியதும் வாசலில் பருத்திப்பால் வேண்டும் என்பாள். அரை டம்ளர், தண்ணீர்க் கணக்கில் கழித்துக்கொண்டு. இரண்டு மாதமாகக் கேட்பதில்லை. ஏன் என்று கேட்டால், "ருசிக்கல" என்கிறாள்.

காரைச் சரி பண்ணிவிட்டால் என்ன சாக்கு சொல்வாள் என்று பார்க்கிறேன். எழுதடி. முறைக்காதே, எழுது.

ஜூன் 12, புதன்

மெக்கானிக் பாஸ்கரனிடம் வண்டியைக் கொண்டுபோனேன். சக்கரத்தைத் தூக்கி இரண்டு ஆட்டு ஆட்டினான்.

"தாத்தா, ஆர்ம் புஷ்ஷெல்லாம் பொடிஞ்சு போச்சு. பால் ஜாயிண்ட்டும் அவுட்டு."

தெரிந்ததைத்தான் சொன்னான். ஆர்ம் என்றால் சக்கரத்தை வண்டியோடு பிடித்துவைத்திருக்கிற இரும்புக் கை. அந்தக் கை வண்டியோடு சேரும் இடத்தில் ரப்பரால் ஒரு வளையம் இருக்கும், அதுதான் புஷ். கை சக்கரத்தோடு சேரும் இடத்தில் இருப்பது பால் ஜாயிண்ட், நமக்கு இடுப்பு மூட்டு மாதிரி. இரண்டும் தேய்ந்தால் சத்தம் வராமல் என்ன செய்யும்?

"சரி, மாத்து."

"வண்டிய விட்டுட்டுப் போங்க. கையில நெறைய வேலை கெடக்கு. அடுத்த வாரம் பாப்போம்."

"அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்கு உங்கப்பனா தூக்கிட்டுப் போவான்?"

"கோவிச்சுக்கிட்டா நான் என்ன பண்றது? என்னயக் கேட்டா இத எடைக்குப் போட்டுருங்கம்பேன்."

பருத்தி ஜின்னிங் மில் முதலாளிக்கு முப்பது வருஷம் அம்பாசிடர் ஓட்டினவன் நான். ஓட்டினது மட்டுமா, பிரித்து மாட்டினதும் நான்தான். அந்த வண்டி ஒருநாளும் பாஸ்கரனைப் போல ஒருத்தன் முன்னால் போய் நின்றதில்லை. எடைக்குப் போடவாம். அவனைப் போட்டால் எத்தனை கிலோ தேறுவான்?

மகன் ஜெயபாண்டி திருப்பூரில் இருந்து போன் பண்ணினான். அம்மாக்காரி எல்லாவற்றையும் முன்பே சொல்லிவிட்டாள் போல.

"யப்பா, அந்த டப்பாவ வித்துட்டு ரெண்டு பேரும் இங்க வந்துருங்க. ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்கு."

"உன் வீடு மூணாவது மாடி. உங்கம்மா முழங்காலு எங்கிட்டு ஏறும்?"

"லிஃப்ட் இருக்குப்பா."

"கரண்டு போனா?"

"ஏம்ப்பா எதுக்கெடுத்தாலும் இப்பிடியே பேசுறீங்க?"

போனை வைத்துவிட்டேன். கரண்டு போனால் என்ன செய்வான் என்று அவன் சொல்லவே இல்லை.

நானே மாற்றப் போகிறேன். வீட்டு வாசலில் வேப்பமரத்து நிழல் இருக்கிறது. ஸ்பானர் இருக்கிறது. கை இருக்கிறது.

ஜூன் 14, வெள்ளி
தண்ணீர்: மூன்று டம்ளர்.

இவளை மிஷினில் படுக்க வைத்துவிட்டு ஆண்டிபட்டிக்குப் போனேன். மைமூன் பீவி கடை. கணவர் இறந்த பிறகு ஸ்பேர் பார்ட்ஸ் வியாபாரத்தை அந்தம்மாதான் பார்க்கிறது. வாய் இருக்கிறதே, அது தனி வியாபாரம்.

"ரெண்டு பக்கமும் ஆர்ம் குடு. புஷ், பால் ஜாயிண்ட்டோட. போலி குடுத்தா கடைய இழுத்துப் பூட்டுவேன்."

"பூட்டுங்க. சாவியையும் நீங்களே வச்சுக்கங்க, நான் நிம்மதியா தூங்குவேன்" என்று சாமான்களை எடுத்து வைத்தது. "யாரு மாட்டுறா?"

"நான்."

"நீங்களா? பெரியவரே, ஒண்ணு சொல்லவா. இந்த வண்டியில புஷ் மாட்டுறப்ப..."

"நீ பொறக்குறதுக்கு முந்தியே நான் ஸ்பானர் பிடிச்சவன். எனக்குப் பாடம் எடுக்காத தாயி."

"எடுக்கல சாமி. போயிட்டு வாங்க."

சாமான் விற்கிறவர்கள் சாமானை விற்றால் போதும்.

ஜூன் 15, சனி

துரு. பெற்ற பிள்ளையைவிட அதிகமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு போல்ட்டைக் கழற்ற மண்ணெண்ணெய் ஊற்றி, சுத்தியால் அடித்து, ஸ்பானரில் இரும்புக் குழாயைச் சொருகி ஏறி மிதித்து, மில் முதலாளி, ரோடு கான்ட்ராக்டர், பாஸ்கரன் எல்லாரையும் ஒருதடவை திட்டி முடித்த பிறகுதான் அசைந்தது. வலது பக்கம் முடிந்தது.

இவள் வாசற்படியில் உட்கார்ந்து, "போதுங்க, எந்திரிச்சு வாங்க" என்று பத்துத் தடவை சொன்னாள். பத்துத் தடவை இல்லை, இரண்டு தடவைதான் என்று இப்போது சொல்கிறாள். எழுதுகிற கைக்கு வாயும் வந்துவிட்டது.

ஜூன் 16, ஞாயிறு

இடது பக்கம். ஜாக்கிக்கு அடியில் வைத்த கல் கொஞ்சம் நகர்ந்துவிட்டது. ஒன்றும் இல்லை. சாயங்காலத்துக்குள் முடித்தேன். நட்டுகளை எல்லாம் சக்கரம் தொங்கும்போதே அசையாதபடி முறுக்கிவிட்டு இறக்கினேன். அம்பாசிடருக்கு அப்படித்தான் செய்வேன். ஒரு குறை வந்ததில்லை.

முழங்கையில் சிராய்ப்பு. இவள் மஞ்சளைக் குழைத்து வைத்தாள். கல் நகர்ந்தபோது இவள் உள்ளே அடுப்படியில் இருந்தாள்.

ஜூன் 18, செவ்வாய்
தண்ணீர்: மூன்று டம்ளர்.

சத்தம் இல்லை! பாலத்துக்கு முன்னால் உள்ள அந்தப் பெரிய பள்ளம், பதினைந்து வருஷமாக அங்கேயே குடியிருக்கிற பள்ளம், அதில் வேண்டுமென்றே இறக்கினேன். வண்டி பூனை மாதிரி போகிறது.

"இப்ப என்ன சொல்ற?"

"ஆமா, சத்தம் இல்ல" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒரு மனுஷி சந்தோஷப்படக் கூடாதா? வண்டிக்கு அடியில் இரண்டு நாள் கிடந்தேனே. வழியெல்லாம் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டு என்னிடமே நீட்டினாள்.

ஜூன் 25, செவ்வாய்

ரோஸ்லின் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மா வீட்டுல நல்லாப் பேசுறாங்களா அய்யா?" என்று கேட்டாள். எதற்குக் கேட்கிறாய் என்றால், "சும்மா கேட்டேன்" என்கிறாள். ஆஸ்பத்திரியில் யாரும் சும்மா கேட்பதில்லை.

ஜூலை 2, செவ்வாய்
தண்ணீர்: எழுத மாட்டேன் என்கிறாள்.

சத்தம் திரும்பி வந்துவிட்டது. முன்பு டங்கு டங்கு. இப்போது அதோடு கிரீச்சென்று ஒரு முனகலும். புது ஆர்ம், புது புஷ்! இவளை மிஷினில் விட்டுவிட்டு நேராக மைமூன் பீவி கடைக்குப் போனேன். நாலு பேர் சாமான் வாங்க நின்றார்கள். நல்லதாகப் போயிற்று, அவர்களும் கேட்கட்டும் என்று ஆரம்பித்தேன்.

"போலி குடுத்துட்டேல்ல? ஒரு சீக்காளியக் கூட்டிட்டுப் போற வண்டிக்குப் போலி குடுக்குறியே, உனக்கு மனசு இருக்கா?"

அந்தம்மா கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. கடை வாசலுக்கு இறங்கி வந்து, குனிந்து, மொபைல் வெளிச்சத்தை அடித்துச் சக்கரத்துக்குப் பின்னால் பார்த்தது.

"வாங்க, நீங்களே பாருங்க. ரப்பர் தேயல. முறுக்கிக் கிழிஞ்சிருக்கு. சக்கரத்தத் தொங்கப்போட்டு நட்ட முறுக்குனீங்களா?"

"பின்ன, தலையில வச்சா முறுக்குவாங்க?"

"பெரியவரே, ரப்பர் அந்த எடத்துலயே இறுகிப்போகும். அப்புறம் வண்டியக் கீழ எறக்குறீங்க. பாரம் வந்ததும் ஆர்ம் மேல போகுது, ரப்பர் பிடிச்ச பிடிய விடாம முறுக்கிக்கிட்டே நிக்குது. எத்தன நாளைக்குத் தாங்கும்? வண்டி தரையில நிக்கணும். உள்ள ஆள உக்கார வைக்கணும். அதுக்கப்புறம்தான் கடைசி முறுக்கு. அன்னைக்கு இதத்தான் சொல்ல வந்தேன். சொல்ல விட்டீங்களா?"

நாலு பேரில் ஒருத்தன் சிரித்தான். அவன் மூஞ்சி ஞாபகம் இருக்கிறது.

புது புஷ் வாங்கிக்கொண்டு வந்தேன். ரப்பர் மட்டமான ரப்பர் என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் இல்லை.

ஜூலை 5, வெள்ளி

இன்று ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. வர மாட்டேன் என்றுவிட்டாள். இதையும் இவள் கையாலேயே எழுத வைக்கிறேன்.

காலையில் சேலை மாற்றாமல் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தாள். "கெளம்பு" என்றேன்.

"காரு அடிக்குது."

"ஆட்டோ கூப்பிடுறேன்."

"வேணாம்."

"பாஸ்கரன் வண்டிய வாங்கிட்டு வரேன்."

"வேணாங்க."

"அப்ப உனக்குக் காரு பிரச்சனை இல்லையா? மூணு வாரமா என்னய எதுக்கு மண்ணுல உருட்டுன?"

"நானா உருட்டுனேன்? ஒரு சாக்குச் சொன்னேன். அதப் போயி நீங்க கழட்டுவீங்கன்னு யாரு கண்டா? சக்கரத்தக் கழட்டி, கல்ல வச்சு, அடியில போயிப் படுத்து..." அதற்குமேல் மூச்சு வாங்கியது. "ஜாக்கி சரிஞ்சத நான் பாக்கலன்னு நினைச்சீங்களா? தலைய வெளிய எடுத்தீங்க, வண்டி எறங்குச்சு. கதவப் புடிச்சுக்கிட்டு அப்பிடியே நின்னேன்."

அடுப்படியில் இருந்தாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

"எனக்காக எழுவத்தஞ்சு வயசுல ஒரு மனுஷன் கார் அடியில கெடந்து சாகணுமா? வாரத்துக்கு ரெண்டு நாளு உங்களுக்கு இதுதான் பொழப்பா? நீங்க ஒருவேளைச் சோத்த உக்காந்து தின்னு எத்தன நாளாச்சு? போதுங்க. என் பாரம் போதும் உங்களுக்கு."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது, ஆனால் இவள் எழுத மறுக்கிறாள். எதிர்வீட்டு நாய் எழுந்து ஓடியது, அதையாவது எழுது என்றேன். எழுதியிருக்கிறாள்.

இதையும் எழுது: சிவனம்மாளைப் போல ஒரு நெஞ்சழுத்தக்காரி இந்த ஒன்றியத்திலேயே கிடையாது.

ஜூலை 7, ஞாயிறு

கால் இரண்டும் வீங்கிவிட்டன. அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று தலையணையை முதுகுக்கு வைத்து உட்கார்ந்தே இருக்கிறாள். எழுத்து கோணலாகப் போகிறதாம். போகட்டும்.

ஜெயபாண்டியைக் கூப்பிட்டேன். நானேதான் கூப்பிட்டேன். "நாளைக்கு நைட்டு பஸ்ஸப் புடிச்சு வரேன்ப்பா" என்றான். லிஃப்ட் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஜூலை 8, திங்கள்

விடிந்ததும் வேலையைத் தொடங்கினேன். இந்தத் தடவை ஜாக்கிக்கு அடியில் கல் வைக்கவில்லை, கனமான பலகை. கழற்றின சக்கரத்தை வண்டிக்கு அடியிலேயே படுக்கப் போட்டேன், எது சரிந்தாலும் அதன்மேல் நிற்கும். கிழிந்த புஷ்ஷைத் தட்டி எடுத்துப் புதுசை ஏற்றி, நட்டுகளைக் கையால் மட்டும் சுற்றிவிட்டு, சக்கரங்களை மாட்டினேன். முன்னால் இரண்டு பக்கமும் கடப்பைக் கல்லைப் படிபோல அடுக்கி வண்டியை மெதுவாக அதன்மேல் ஏற்றினேன். இப்போது நாலு சக்கரமும் பாரத்தைத் தாங்கி நிற்கிறது. அடியில் நான் படுக்கவும் இடம் இருக்கிறது.

ஆள் வேண்டும்.

எதிர்வீட்டுக்காரனைக் கூப்பிட்டிருக்கலாம். வீட்டில்தான் இருந்தான், நல்ல கனமானவன். நான் கட்டிலுக்குப் போனேன்.

"எந்திரி. வண்டியில வந்து உக்காரு."

"நான்தான் வரலன்னேன்ல?"

"ஆஸ்பத்திரிக்கு இல்லடி. வாசலுக்கு. அந்தம்மா சொன்னது உனக்கும் தெரியும், நீதான எழுதுன? உள்ள ஆள் உக்காந்தாத்தான் நட்டு சரியா ஏறும்."

"வேற ஆளே கெடைக்கலையா?"

"அந்த சீட்டுல யாரு உக்காருறா? பாரம் யாரோடது? ஊரான் பாரத்துக்கு முறுக்கி வச்சா உனக்கு எப்பிடிச் சரியா வரும்? வாடி, கொல்லாத."

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வாசலுக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்றாள். வந்தவள் நேராக வண்டியில் ஏறவில்லை. காலால் கடப்பைக் கல்லை உதைத்துப் பார்த்தாள். அந்தப் பக்கம் போய் அதையும் உதைத்தாள். பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள், குனிய முடியாமல் குனிந்தாள்.

"ஹேண்ட்பிரேக்?"

"போட்டாச்சு."

"கியருல கெடக்கா?"

"கெடக்குடி. ஏறு."

ஏறி உட்கார்ந்தாள். வண்டி அவள் பக்கமாகக் கொஞ்சம் அமுங்கியது. நான் அடியில் போனேன்.

"உக்காந்திருக்கியா?"

"இருக்கேன்."

"எறங்கிறாத."

"எறங்கல."

வலது பக்கம் முறுக்கினேன். ஊர்ந்து இடது பக்கம் வந்தேன். தலைக்கு மேல் அவள் சீட்டு.

"எறங்கிறாத."

"இருக்கேன்னு சொல்றேன்ல? நீங்க கையப் பாத்து வேலையப் பாருங்க."

நட்டு சீக்கிரமே ஏறிவிட்டது. நான் சொல்லவில்லை. ஸ்பானரை வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தேன். மேலே அவள் மூச்சு விடுவது கேட்டது, ஈரத் துணியைக் கிழிக்கிற மாதிரி. ஒரு மூச்சு வந்து, அடுத்தது வருகிறதா என்று கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

"முடிஞ்சுதா?" என்றாள்.

"இன்னும் இல்ல."

"எம்புட்டு நேரம்?"

"ஆகும்."

"சரி, ஆகட்டும். இருக்கேன்."

நட்டு அப்போதே முடிந்துவிட்டது என்பது இதை எழுதும்போதுதான் இவளுக்குத் தெரிகிறது. பேனாவை நிறுத்திவிட்டு முறைக்கிறாள். முறைத்தால் முறைக்கட்டும். அதையும் எழுது.

வெளியே வந்து வண்டியைக் கல்லில் இருந்து இறக்கினேன். இவள் கீழே இறங்கவில்லை. முன்னால் பார்த்துக்கொண்டே, "நாளைக்குச் செவ்வா தான?" என்றாள்.

"நாளைக்கு வரைக்கும் இந்த மூச்சு தாங்குமாடி? இப்பவே போவோம்."

"இந்தச் சேலையோடயா?"

"அந்தச் சேலைக்கு என்ன கேடு?"

"சேலைய மாத்தாம நான் வர மாட்டேன். அதுக்கும் கத்துங்க."

கத்தினேன். மாற்றிக்கொண்டு வந்தாள். போனோம்.

ஜூலை 9, செவ்வாய்
தண்ணீர்: ரோஸ்லின் கொடுத்தது மட்டும்.

ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். நேற்றும் மிஷின், இன்றும் மிஷின். இவள் தலையணை மேல் டைரியை வைத்து எழுதுகிறாள்.

நேற்று ரோஸ்லின் என்னை வார்டு முழுக்கக் கேட்கும்படி திட்டினாள். "ஒரு தடவைகூட விடக் கூடாதுன்னு எத்தன தடவ சொன்னேன்? இவ்வளவு நாள் எங்க அய்யா போனீங்க?" இவள்தான் வர மாட்டேன் என்றாள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இவள் கட்டிலில் படுத்துக்கொண்டு, எனக்குத் திட்டு விழுவதைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டு மாதத்தில் முதல் சிரிப்பு, அதுவும் என் மானம் போகிற நேரத்தில்.

வருகிற வழியில் நடந்ததையும் எழுத வேண்டும். பாலத்துக்கு முன்னால் அந்தப் பள்ளம் வருவதற்குள் பழக்கத்தில் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தபடியே வந்தாள். ஆஸ்பத்திரி வாசல் தெரிந்ததும், "பாலம் எங்க, இன்னுமா வரல?" என்றாள்.

"அது அப்பவே போயிருச்சு."

கையை விட்டாள்.

காலையில் ஜெயபாண்டி வந்து சேர்ந்தான். திருப்பூர் வேண்டாம், இங்கே இருந்தே பார்த்துக்கொள்வோம் என்று அம்மாக்காரி அவனிடம் சொன்னாள். அவன் வெளியே போய், காருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முன் சக்கரத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு என்ன தெரியும்? பார்க்கட்டும்.

மைமூன் பீவி கடைக்கு ஒருநாள் போக வேண்டும். ஒன்றும் சொல்வதற்காக இல்லை. ஒரு வாஷர் வாங்க வேண்டும்.

இவள் டைரியில் மூன்று பக்கம் தள்ளி என்னவோ எழுதிக்கொண்டிருக்கிறாள். நான் எதுவும் சொல்லவில்லையே, என்னடி எழுதுகிறாய் என்றேன். "உங்களுக்கு எதுக்கு? இது தண்ணிக் கணக்கு" என்கிறாள்.

ஜூலை 12, வெள்ளி

காலையில் தண்ணீர் குறைத்துக் குடிக்க வேண்டும். மிஷின் முடிந்ததும் பருத்திப்பால், அரை டம்ளர். அவருக்கு ஒரு டம்ளர்.